காரணம்: குங்குமம்

குங்குமமாம். மத்தியானம் இரண்டே காலுக்கு மைக்ரோவேவின் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்த திலகவதிக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் மனசில் நிற்கவில்லை. குங்குமமாம், குங்குமம். மேசைமேல் படிவம் கிடந்தது. பேட்ச் எண், மாத்திரையின் பெயர், எல்லாம் அழகாகத் தட்டச்சாகியிருந்தன. கண்ட குறை: கால்சியம் மாத்திரையில் ஈயம் வரம்பை மீறியது. காரணம்: ஆய்வாளர் நெற்றியிலிருந்த குங்குமம் மாதிரியில் உதிர்ந்தது. கீழே அவள் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு. யார் நெற்றியில்? கை தன்னால் நெற்றிக்குப் போயிற்று, கையுறையோடு முகத்தைத் தொடக்கூடாது என்று பாதி வழியில் நின்றது. பதினோரு வருஷமாக இந்த அறைக்குள் வருவதற்கு முன் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து வாசல் கண்ணாடியில் ஒட்டி, வளையலைக் கழற்றி டப்பாவில் போட்டு, தாலிக்கொடியை உள்ளே தள்ளிக் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, ஈரக் காகிதத்தால் முகத்தை வழித்துத் துடைத்துக்கொண்டு வருகிறவள் அவள். கல்யாணமா, காதுகுத்தா, ஆடி வெள்ளியா, எதற்கும் குங்குமம் கிடையாது. மறுநாள் வேலை இருக்கும், வகிட்டோரம் ஒரு துணுக்குத் தங்கினாலும் வம்பு. மலிவுக் குங்குமத்தில் சிவப்பு ஏறுவதற்காக எதையெல்லாமோ கலக்கிறார்கள், ஈயச் சாயம் உட்பட. மாமியார் எத்தனை நாள் வாசலிலேயே மறித்திருக்கிறாள்! "என் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப மூளி நெத்தியோட வந்து நிக்கிறியேடி" என்று. கரண்ட் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிற ஏழுமலை, "விடும்மா, அவ மிஷினுக்குக் குங்குமம் ஆவாது" என்பான். பேச்சு வாங்கியதெல்லாம் யாருக்காக? இந்த மிஷினுக்காக. இன்றைக்கு அந்த மிஷின் பேரைச் சொல்லியே அவள் நெற்றியில் குங்குமத்தை இழுவிவிட்டார்கள், அதுவும் கம்ப்யூட்டரில் அடித்து.

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. வீட்டில் பால் சுடவைக்கிற பெட்டியின் அண்ணன் அது. உள்ளே தடித்த டெஃப்லான் குப்பிகளில் நைட்ரிக் அமிலமும் மாத்திரைப் பொடியும் மூடி திருகி அடைபட்டுக் கொதிக்கின்றன. இருபத்தைந்து நிமிடம் சூடு, முப்பது நிமிடம் ஆற வேண்டும். அதற்குப்பின் திறந்து, தண்ணீர் சேர்த்து, அடுத்த கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிற கருவியில் ஏற்றினால், சூரியனைப் போல எரிகிற ஒரு சுடருக்குள் துளித்துளியாக இழுத்து, அணு அணுவாகப் பிரித்து, இது இரும்பு, இது ஆர்சனிக், இது ஈயம் என்று எண்ணிச் சொல்லிவிடும். அதற்குத் தெரிந்தவர் தெரியாதவர் கிடையாது. நேற்று எண்ணிச் சொன்னது. கர்ப்பிணிகளுக்கான மாத்திரை இது, நாளைக்கு இரண்டு. இரண்டு மாத்திரையில் ஈயம் ஐந்து மைக்ரோகிராம் வரைக்கும் போகலாம். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாத தூசு. மூன்று தடவை தனித்தனியாக நிறுத்துச் செய்தாள். ஒன்பது புள்ளி இரண்டு. ஒன்பது புள்ளி மூன்று. ஒன்பது புள்ளி இரண்டு. மாத்திரையே போடாமல் வெறும் அமிலத்தோடு எல்லாச் சடங்கையும் செய்து வைக்கிற பிளாங்க் குப்பி ஒன்று உண்டு, அதில் சைபர். இது போதாதா? குங்குமம் என்ன, தராசு கொண்டுவந்து அளந்து அளந்தா விழும்? முதல் குப்பியில் இவ்வளவு, இரண்டாவதில் அதே அளவு, மூன்றாவதிலும் அதே அளவு, பிளாங்க் குப்பியை மட்டும் பார்த்து ஒதுங்கிப் போய்விடுமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஒரு ரூபாய் அகலத்துக்கு அப்பிக்கொண்டு வந்து குப்பிமேல் குனிந்து நிற்கட்டுமா, எத்தனை உதிர்கிறதென்று அவரே எண்ணிக்கொள்ளட்டுமே என்றிருந்தது. எண்ண மாட்டார். எண்ணுவது அவர் வேலை இல்லை என்று ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

அவர். ரகுநந்தன் சார், தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். இந்தச் சேதராப்பட்டுக் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே மாசம் சேர்ந்தார்கள், இதே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பிப்பெட் பிடித்தார்கள், அன்றைக்கு அவன் ரகு, வா போ. அமிலம் தெறித்து அவன் கட்டைவிரல் மஞ்சளானபோது குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடியவள் இவள்தான். பிறகு அவனுக்குக் கண்ணாடி அறை வந்தது, அவன் சார் ஆனான், இவள் முக்காலியிலேயே இருந்தாள். அதில் வருத்தம் இல்லை என்று பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள், பத்துத் தடவையும் பொய். இப்போதும் கதவு திறந்தது, அவர்தான், வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வருவதென்றால் கோட்டு மாட்ட வேண்டும். "போட்டுட்டியா திலகா?" "இன்னும் இல்ல சார்." "ஏம்மா இழுக்கிற? ஒரு ஃபார்மாலிட்டிதானே. உனக்கு ஒண்ணும் ஆவாது. ஒரு ட்ரெய்னிங் போட்டு க்ளோஸ் பண்ணிடுவோம்." "என்ன ட்ரெய்னிங் சார்?" "அதான், உள்ள வரும்போது பொட்டு, மேக்கப் எல்லாம் துடைக்கணும்ங்கிற ப்ரொசீஜர். புதுசா சேர்ந்த பொண்ணு இருக்கில்ல, அது எடுக்கும். அரை மணி நேரம்." சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லாரிக்கு நாளைக்குக் காலைல டைம் குடுத்திருக்கு. அரசாங்க சப்ளை, விளையாட்டு இல்ல." கதவு மூடிக்கொண்டது. அந்த நடைமுறையை எழுதினது யார்? பொட்டிலிருந்து தலைச்சாயம் வரை ஒவ்வொன்றாக யோசித்து, எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே முக்காலியில் உட்கார்ந்து எழுதினவள் திலகவதி. அதை அவளுக்கே நேற்று வந்த பெண் பாடம் எடுக்குமாம், அவள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டி வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு ஆளின் தலையில் எவ்வளவுதான் மிளகாய் அரைப்பார்கள்! ஆம்பளை ஆய்வாளராக இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? திருநீறு என்றா? மாட்டார்கள். ஏதாவது கருவியின் மேல் போட்டிருப்பார்கள். பொம்பளை என்றதும் நெற்றி ஞாபகம் வந்திருக்கிறது.

பெட்டியின் முகப்பில் நூற்று அறுபது டிகிரி என்று ஓடியது. இன்னும் ஏறும். மறுசோதனைக்கென்று ஆறு மாத்திரைகளைக் கவரில் போட்டு அவரே கொண்டுவந்து தந்தாரே, அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கவரின்மேல் பேட்ச் எண் எழுதியிருந்தது, அவர் கையெழுத்தில். மேனேஜர் எப்போதிலிருந்து மாத்திரை எடுத்து வர ஆரம்பித்தார்? அதற்கென்று ஆள் இருக்கிறார், பதிவேடு இருக்கிறது. அகேட் கல் உரலில் கொட்டினபோதே தெரிந்துவிட்டது. பளீரென்று வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. அது பழைய கால்சியம். மூன்று மாசமாகக் கம்பெனிக்கு வேறு இடத்திலிருந்து சுண்ணாம்புக்கல் பொடி வருகிறது, அதில் செய்த மாத்திரை லேசாகச் சாம்பல் பூத்திருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நேற்று அவள் அரைத்தது சாம்பல். ஆறு மாத்திரையும் ஆறு பொய், அரைத்தால் வழவழவென்று அரைபடுகிற பொய். இது வரம்புக்குள் வரும், வராமல் எங்கே போகும்? முடிவைத் தெரிந்துகொண்டே அவள் நிறுத்தாள், அமிலம் ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. வாய்தான் சும்மா இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. நேற்று அரைத்ததில் மீந்த பொடி ஈரம் படாத கண்ணாடிக் கூண்டில் சின்னக் குப்பியில் இருந்தது. அதை எடுத்தாள், நிறுத்தாள், தராசு அச்சடித்துத் துப்பின சீட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள், நாலு குப்பி போகவேண்டிய இடத்தில் ஐந்து குப்பியை ஏற்றினாள். முதலாவது பிளாங்க், அடுத்த மூன்று சாரின் வெள்ளை, ஐந்தாவது இவளுடைய சாம்பல். யாருக்கும் தெரியாது. திறந்ததும் கழிவு அமிலக் கேனில் கவிழ்த்துவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே கிடையாது. அந்த வழி திறந்திருக்கிறது என்ற நினைப்பு கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

லாரி எங்கே போகும்? ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு. அங்கிருந்து முத்தழகிக்கு. முத்தழகி பேக்கிங் பிரிவில் அட்டையில் மாத்திரை அடைக்கிற பெண், ஐந்து மாசம், கம்பெனி பஸ்ஸில் குழி வரும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். போன வாரம் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். "பாருக்கா, நாங்க கட்டின மாத்திரை எனக்கே திரும்பி வந்துடுச்சு. நர்ஸம்மா குடுத்தாங்க. ரெண்டு வேளையும் தவறாம போடுறேன்க்கா, பிள்ளைக்கு எலும்பு கெட்டியாவுமாம்." திலகவதி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், பழைய பேட்ச், தொந்தரவில்லை, திருப்பித் தந்தாள். அடுத்த அட்டை இதுதான். அந்தப் பெண் தன் கையாலேயே அடைத்திருப்பாள். ஈயம் பொல்லாதது. உடம்புக்குள் போனால் எலும்பு அதைக் கால்சியம் என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்ளும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் தாய் ரத்தத்தோடு போய்ச் சேரும், பிறந்து பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டும்போதுதான் பிள்ளை ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது என்று யோசிப்பார்கள், மாத்திரையை யார் நினைக்கப் போகிறார்கள்? வீட்டுக்காரன் குடிக்கிறான், அதனால் என்பார்கள். இவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பார்கள். தாய்மேலேயே போடுவார்கள். இங்கே குங்குமத்தின்மேல் போட்டது போல. ஒன்பது மைக்ரோகிராம் ஒரு நாளில் ஆளைக் கொன்றுவிடாது, அது அவளுக்குத் தெரியும், ரகுநந்தனுக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தானே எல்லாம் நடக்கிறது. செத்து விழுந்தால் கேட்பார்கள். மெதுவாக மங்கினால் யார் கேட்பது?

சூடு முடிந்து பெட்டி ஒருமுறை கூவியது, ஆறத் தொடங்கிற்று. இன்னும் முப்பது நிமிடம். படிவத்தைத் திருப்பிப் போட்டாள், திரும்பவும் நிமிர்த்தினாள். இந்த யோசனை ரகுவுக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியின் பக்கத்தில் போகாமல்தான் இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்தாள். இவளிடமிருந்து வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் மாத்திரையில் நிக்கல் கூடுதலாக வந்தது, கொஞ்சம்தான். கொஞ்சம்தான் என்பதை இந்த ஏழு வருஷத்தில் எத்தனை முறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்! ரகு டீக்கடையில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பேட்ச் போகாவிட்டால் புது வாடிக்கையாளர் போய்விடுவார் என்று. "ஸ்டீல் ஸ்பேட்டுலால சுரண்டிட்டேன், அதுல நிக்கல் வந்துடுச்சுன்னு எழுதிட்டுப் போ" என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சத்தியமாக விளையாட்டாகத்தான். அவன் சிரிக்கவில்லை, டீயைக் கீழே வைத்தான். இந்த அறையில் பொடி அள்ளுவதற்கு ஸ்டீல் ஸ்பேட்டுலா என்று ஒன்று இருந்ததே கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக், அதை அறைக்குள் எட்டிப் பார்த்தவர்கள்கூடச் சொல்லியிருப்பார்கள், ஆனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் அவன் அதை எழுதினான், சரிபார்த்தவர் என்ற இடத்தில் இவள் கையெழுத்துப் போட்டாள். மறுசோதனையில் வரம்புக்குள் வந்தது, மாத்திரைகளை எடுத்து வந்தவன் ரகு, எங்கிருந்து எடுத்தாய் என்று இவள் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அவனுக்குக் கண்ணாடி அறை. யாருக்குக் காய்ச்சல் வந்தது, யார் விழுங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லையா, ஆனதா, எதுவும் தெரியாது, தெரியவும் போவதில்லை. அவனைத் திட்டுகிற வாயால் தன்னை என்ன சொல்லித் திட்டுவது? அன்றைக்கு ஸ்பேட்டுலா தலையில் போட்டபோது அதற்கு வாயில்லை, அதனால் சுலபமாக இருந்தது. கோபம் இன்னும் கொதித்தது, ஆனால் இப்போது அதற்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். பயமும் வந்தது. ஐந்தாவது குப்பியைக் கருவியில் ஏற்றினால் அந்தப் பழைய நிக்கல் கதையும் சேர்ந்துதான் ஏறும், ரகு சும்மா விடமாட்டான். வேலை போகும். நாற்பது வயதில் இந்தப் பேரோடு வேறு எந்தக் கம்பெனியில் அறைக்குள் விடுவார்கள்? ஏழுமலை என்ன சொல்வான்? விடு, பாத்துக்கலாம் என்பான், சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்த் தனியாக நிற்பான்.

மூன்று பத்துக்குப் பெட்டி மறுபடி கூவியது. எழுந்தாள். கால் மரத்திருந்தது. புகைபோக்கிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு மூடியாகத் திருகித் திறந்தாள், பழுப்புப் புகை சீறி அடங்கிற்று, உள்ளே நாலு குப்பியிலும் ஐந்தாவதிலும் ஒரே மாதிரி கண்ணாடி போன்ற தெளிவு. பொடியாக இருந்தபோது தெரிந்த வெள்ளையும் சாம்பலும் இப்போது இல்லை. கண்ணால் பார்த்து ஒருவன் சத்தியம் பண்ண முடியாது. கழிவுக் கேன் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஐந்தாவது குப்பி கையில் இருந்தது, கொஞ்சநேரம் அப்படியே நின்றாள். இத்தனை நேரமும் தர்மம் நியாயம் என்று கொதித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை, மனசு வெறிச்சென்று இருந்தது, தாகமாக இருந்தது. பஸ் குழியில் இறங்கும்போது முத்தழகி வயிற்றைப் பிடித்துக்கொள்வது மட்டும் வந்து வந்து போயிற்று. பிறகு தண்ணீர் சேர்த்தாள், கோடுவரை, ஐந்திலும். கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டாள். ஐந்தாவது இடத்தில் பேட்ச் எண்ணை முழுசாக அடித்து, நேற்று அரைத்த பொடி என்று சேர்த்து, ஓடவிட்டாள். ஒருமுறை ஓடிவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது, முதலாளியே வந்தாலும் முடியாது, அழிக்க முயன்றதையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது.

பிளாங்க், சைபர். சாரின் வெள்ளை, ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று. ஐந்தாவது, ஒன்பது புள்ளி இரண்டு. மாறவே இல்லை, நேற்று சொன்னதையே சொன்னது. இண்டர்காம் அடித்தது. "வந்துச்சா திலகா?" "வந்துச்சு சார். நீங்க குடுத்த மாத்திரை ஒண்ணு புள்ளி ஒண்ணு." "பாத்தியா, நான் சொல்லல?" "இந்த பேட்ச் மாத்திரை ஒம்போது புள்ளி ரெண்டு." "எது அது?" "நேத்து அரைச்சதுல மீந்த பொடி. பேர் போட்டு ஏத்திருக்கேன். அழிக்க முடியாது, உங்களுக்கே தெரியும்." "யாரக் கேட்டு ஏத்தின?" "என் வேலை சார், யாரக் கேக்கணும்?" மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு குரல் இறங்கிற்று, பழைய டீக்கடைக் குரல். "திலகா, யோசிச்சுத்தான் பண்றியா? அந்த நிக்கல் விஷயமும் வெளில வரும். செக் பண்ணதுன்னு உன் கையெழுத்து இருக்கு." "இருக்கு. நானே சொல்றேன் சார். ஸ்பேட்டுலான்னு சொல்லிக் குடுத்தது நான்தான்னும் சொல்றேன்." "உனக்குப் பைத்தியமா?" "லாரியை நிறுத்தச் சொல்லுங்க சார்." வைத்துவிட்டாள். காரிடாரில் கண்ணாடி அறையின் கதவு அறைந்து திறக்கிற சத்தம் கேட்டது. இங்கே வர நாற்பது தப்படி, கோட்டு மாட்ட ஒரு நிமிடம்.

படிவத்தை இழுத்துவைத்தாள். இந்த அறையில் எழுதினதைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளை மை தடவக்கூடாது, கிறுக்கி மறைக்கக்கூடாது, தாளைக் கிழித்து வேறு எழுதக்கூடாது. தப்பின்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது யாருக்கும் படிக்கும்படி தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி, மணி. குங்குமத்தின்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். அதன் பக்கத்தில் எழுதினாள்: மாத்திரையில் ஈயம் இருக்கிறது.